சாரலுக்குத்தான் சீசன் உண்டா?

நம் பக்கத்தில் சீசன் என்றால் ஒன்றே ஒன்றுதான். ஆனி பிறந்ததும் மேற்கே மலை கறுக்கும். மேக்கரைப் பக்கமிருந்து காற்று இறங்கும். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று பஸ்ஸில் வருகிறவர்களிடம் விசாரிப்போம். விளையாட்டுக்கும் ஒரு சீசன் வேண்டும் என்ற நினைப்பு பண்பொழியில் எவருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் டோர்னமென்ட். அதுவும் ‘மாபெரும்’ என்ற அடைமொழி இல்லாமல் ஒன்றுகூட நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இந்த மாபெரும் போட்டிகளை நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. கோபப்படாமல் கணக்கைப் பாருங்கள். 32 அணிகள் வருகின்றன. முதல் சுற்றிலேயே 16 அணிகள் வெளியே. எட்டு ஓவர் ஆட்டத்தில் ஏழாவது, எட்டாவது ஆளாக இறங்க வேண்டிய பையன் மட்டையைத் தொடாமலே வேனில் ஏறிவிடுகிறான். அடுத்த ஆட்டம் எப்போது? அடுத்த திருவிழாவுக்கோ, அடுத்த பொங்கலுக்கோ. இதற்கு ஃபிளெக்ஸ், மைக் செட், பந்தல், பையனின் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோப்பை. கோப்பையில் கொடுத்தவர் பெயர் ஜெயித்தவர் பெயரைவிடப் பெரிதாக இருக்கும்.

வருண் சக்கரவர்த்தியைத் தெரியாதவர்கள் இல்லை. 2025 மார்ச்சில் துபாயில் நியூஸிலாந்துக்கு எதிராக ஐந்து விக்கெட் எடுத்தபோது டீக்கடையில் எல்லோரும் கைதட்டினோம். அவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்டால் ‘ஐ.பி.எல்.’ என்பார்கள், விவரம் தெரிந்தவர் ‘டி.என்.பி.எல்.’ என்பார். இரண்டுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. கட்டடக் கலை படித்து, அந்த வேலையையும் பார்த்துவிட்டு, வயது 25 ஆன பிறகு கிரிக்கெட்டுக்குத் திரும்பியவர் அவர். வேகப்பந்து போட்டார், முழங்கால் அடிபட்டது, சுழலுக்கு மாறினார். 2017-18ல் சென்னை லீக்கின் நாலாவது டிவிஷனில் ஜூபிலி கிளப்புக்கு ஆடினார். டி.வி. கிடையாது, மைக் கிடையாது. வேடிக்கை பார்க்க நாலு பேர் நின்றிருந்தால் அதிகம். அங்கே ஏழு ஆட்டங்களில் 31 விக்கெட், ஓவருக்கு 3.06 ரன். அந்தப் பருவத்துக்குப் பிறகுதான் டி.என்.பி.எல்.லில் மதுரை அணி. 2018 டிசம்பர் ஏலத்தில் 8 கோடியே 40 லட்சம்.

நான் சொல்ல வருவது அந்த ‘ஏழு ஆட்டங்கள்’. புதிதாக ஒரு பந்தைப் பழகுகிறவன் முதல் ஆட்டத்தில் அடி வாங்குவான். இரண்டாவது ஆட்டத்தில் எங்கே போட வேண்டும் என்று பிடிபடும். ஐந்தாவதில் எதிராளி அவனைக் கண்டு பயப்படுவான். நம் டோர்னமென்டில் ஆடியிருந்தால் முதல் ஆட்டத்தோடு வருண் வீட்டுக்குப் போய், திரும்பவும் கட்டட வரைபடம் போட உட்கார்ந்திருப்பார்.

உடனே ஒருவர் எழுந்து, “நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடித்தானே வந்தார்?” என்பார். சரிதான். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகியவர்தான். ஆனால் அந்த டென்னிஸ் பந்து அவரை ஊர் எல்லை வரைக்கும்தான் கொண்டுவந்து விட்டது. சென்னைக்குப் போய், அதே நாலாவது டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணிக்கு ஆடிய பிறகுதான் மேலே வழி திறந்தது. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். சேலத்துப் பையனுக்கே சென்னை போக வேண்டியிருந்தது என்றால், பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டிய நம் பையன் என்ன செய்வான்? அறை வாடகை யார் கொடுப்பது?

2016ல் டி.என்.பி.எல். தொடங்கியபோது தாழையூத்து சங்கர்நகர் மைதானத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் நடந்தது. நம்மூரிலிருந்தும் வண்டி பிடித்துப் போய்ப் பார்த்தார்கள். நல்லதுதான். ஆனால் அதில் எட்டு அணிகள், எப்போதும் எட்டுதான். கடைசியாக வந்தவன் கீழே போவதில்லை. கீழே இருப்பவன் மேலே வருவதும் இல்லை. அது கடை, லீக் இல்லை.

லீக் என்றால் என்ன என்பதற்கு இங்கிலாந்தில் ரக்பியைப் பாருங்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். 1987 வரை அங்கே நாடு தழுவிய லீக் கிடையாது. பழைய கிளப்புகள் தங்களுக்குப் பிடித்த கிளப்போடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. அந்த வருஷம் மேலிருந்து கீழ்வரை படிப்படியாகப் பிரிவுகள் வைத்து, உள்ளூர் கிளப்புகளையும் சேர்த்து ஒரே ஏணியாகக் கட்டினார்கள். ஜெயித்தால் ஏறலாம், தோற்றால் இறங்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். எக்ஸ்டர் என்ற ஊர் அணி கீழ்ப் பிரிவுகளில் பல வருஷம் கிடந்து, 2010ல் முதல் பிரிவுக்கு ஏறி, 2017ல் சாம்பியன் ஆனது. ஏறாத கிளப்புகளுக்கும் லாபம் உண்டு. பருவம் முடிகிற வாரம்கூட, இறங்கிவிடக் கூடாதே என்று உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்.

நமக்கு அவ்வளவு பெரிய ஏணி வேண்டாம். பண்பொழி, வடகரை, அச்சன்புதூர், மேக்கரை, தேன்பொத்தை, இலத்தூர், கணக்கப்பிள்ளைவலசை, செங்கோட்டை என்று எட்டு அணிகள் போதும். ஒவ்வொன்றும் மற்ற ஏழோடு ஒருமுறை ஆடினால் மொத்தம் 28 ஆட்டம். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வைத்தால் 14 வாரம். தைப்பொங்கல் கழித்துத் தொடங்கினால் சித்திரைக்குள் முடிந்துவிடும். சாரலும் இல்லை, ஐப்பசி மழையும் இல்லை. தைப்பூசத்துக்குத் திருமலைக்கோவில் கூட்டம் வருகிற வாரத்தை மட்டும் தள்ளிவைத்துக்கொள்ளலாம். பிசானம் அறுப்பு நடக்கிற நாளில் ஆள் குறையும். அதற்காகத்தான் அணிக்குப் பதினைந்து பேர்.

கூட்டம் வராது என்பார்கள். வராதுதான். ஆடுகிறவனுக்காகத்தானே நடத்துகிறோம், பந்தல்காரருக்காகவா? பாதியில் அணிகள் வராமல் போய்விடும் என்பது மட்டும் நியாயமான பயம். முன்பணம் வாங்கி வைத்து, கடைசி ஆட்டம் வரை வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

வருஷாவருஷம் ரசீதுப் புத்தகத்தோடு என் வீட்டுக்கும் வருகிறார்கள். இந்தத் தடவை கோப்பைக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டேன். முதல் கேள்வியே, “அப்ப ஃபிளெக்ஸ்ல உங்க படம் வேண்டாமா தாத்தா?” என்பதுதான். 14 வாரத்துக்கும் பந்து, ஸ்கோர் நோட்டு, அம்பயருக்கு டீ, வடை என் செலவு. எட்டு கேப்டன்களும் கையெழுத்துப் போட்ட தாளோடு வரட்டும். மார்கழிக்குள் வந்தால் நல்லது.