பதினாலு நாள் என்று எவன் சொன்னான்?

"ரெண்டு வாரம் ஆச்சு, குமிழி நின்னாச்சு, பாட்டில்ல அடைச்சாச்சு." வீட்டில் பீர் காய்ச்சும் நம்மாட்கள் நாலு பேர் கூடினால் இந்த வசனத்தைக் கேட்காமல் வீடு திரும்ப முடிவதில்லை. பக்கத்திலேயே இன்னொருவர் இருப்பார். "எங்க பாட்டி தோசை மாவுக்கு மீட்டர் வெச்சா பாத்தா? எல்லாம் கைப்பக்குவம் சார்!" காலண்டர் கட்சி, கைப்பக்குவக் கட்சி இரண்டையும் சேர்த்துத் திட்டத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். (கரமனையில் இருக்கும் சித்தி இதைப் படித்தால்: ஆமாம் சித்தி, பீர்தான். வருஷத்துக்கு நாலு தடவை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் :-) )

போன பனிக்காலத்தில் இங்கே மினசோட்டாவில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில், துணி அலமாரியில் அடுக்கியிருந்த பாட்டில்கள் நடுராத்திரி ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. கதவு மூடியிருந்ததால் தப்பித்தார்கள். அந்த அலமாரிக்கு முன்னால்தான் அவருடைய மூன்று வயதுப் பெண் பகலெல்லாம் ரயில் ஓட்டி விளையாடும். மறுநாள் முழுக்கச் சட்டை மடிப்புகளிலிருந்து கண்ணாடிச் சில்லு பொறுக்கினார்கள். என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "கிட்டோட வந்த பேப்பர்ல பதினாலு நாள்னு போட்டிருந்தது."

பேப்பரில் போட்டவனுக்கு உங்கள் வீட்டு பேஸ்மென்ட் ஜனவரியில் 14 டிகிரி என்று தெரியுமா? 18-லிருந்து 20 டிகிரியில் சுறுசுறுப்பாக வேலை செய்யும் ஏல் ஈஸ்ட், 14-ல் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். சாகாது, தூங்கும். சர்க்கரை பாதி அப்படியே இருக்கும். நீங்கள் வேலை முடிந்தது என்று நினைத்து, வாயு ஏறுவதற்காக இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டு, மூடி இறுக்கி, கதகதப்பான அறையில் வைப்பீர்கள். தூங்கினது எழுந்துகொள்ளும். இந்தத் தடவை வாயு வெளியே போக வழியில்லை.

கணக்கு சொன்னால்தான் நம்மவர்களுக்கு உறைக்கும். தண்ணீரின் ஒப்படர்த்தி 1.000. மால்ட் சாறு காய்ச்சி ஆறினதும் சர்க்கரையின் கனத்தால் 1.048 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் தின்னத் தின்ன இறங்கி, ஏறக்குறைய 1.012-ல் நிற்க வேண்டும். 1.016-ல் நிற்கும்போதே அடைத்துவிட்டால் பாக்கி நாலே நாலு புள்ளி. என்ன பெரிய நாலு புள்ளி? ஒரு புள்ளிக்கு பீரின் கொள்ளளவில் பாதி அளவு கரியமில வாயு வரும். அதாவது நாலு புள்ளிக்கு இரண்டு மடங்கு. முறையாக அடைத்த பீரில் மொத்தமே சுமார் 2.4 மடங்குதான். இது 4.4 ஆகிறது. 20 டிகிரியில் பாட்டிலுக்குள் ஏறக்குறைய 60 பவுண்டு அழுத்தம். உங்கள் கார் டயரில் 32-தான் அடிக்கிறீர்கள். ஷாம்பெயின் பாட்டில் ஏன் அவ்வளவு கனம் என்று இப்போது புரியும். சாதாரண பீர் பாட்டில் அதற்குச் செய்ததல்ல.

இப்போது பாட்டி கட்சிக்கு வருகிறேன். பாட்டி மீட்டர் வைக்கவில்லை என்பது சரி. அளந்து பார்க்கவில்லை என்று யார் சொன்னது? எங்கள் பக்கத்தில் நெல்லிக்காயும் வெல்லமும் போட்டு அரிஷ்டம் வைப்பார்கள். பரணி வாயைத் துணியால் கட்டி, 41 நாள் கணக்கு. ஆனால் அரிஷ்டம் விஷயத்தில் வைத்தியர்கள் நாள் கணக்கோடு நின்றதில்லை. பரணி வாயில் காது வைத்து 'உஸ்ஸ்' சத்தம் அடங்கிவிட்டதா என்று கேட்பார்கள். நொதிக்கப் போட்ட தாதிரிப்பூ மிதக்கிறதா, அடியில் படிந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். எரிகிற தீக்குச்சியை வாய்க்கருகே பிடிப்பார்கள். அணைந்தால் உள்ளே இன்னும் கரியமில வாயு வருகிறது, மூடி வை. நின்று எரிந்தால் வடிகட்டலாம். ஆயுர்வேதக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடமாக இருக்கும் சோதனைகள் இவை. ஒன்றுக்கு மூன்று பரிசோதனை! இதைத்தான் நீங்கள் 'கைப்பக்குவம்' என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுகிறீர்கள்.

அந்த 41 நாள் கணக்கு அங்கே ஏன் பலித்தது என்றும் யோசிக்க வேண்டும். கரமனையாற்றங்கரையில் ஜனவரி ஆனாலும் ஜூலை ஆனாலும் ராத்திரி அவ்வளவாகக் குளிர்வதில்லை. பரணி எந்த மாதமும் தூங்காது. அங்கே காலண்டர் என்பதே வேறு பெயரில் ஒரு தெர்மாமீட்டர். ராத்திரி அரைத்து வைத்த மாவு காலையில் பாத்திரத்தை விட்டு வழிவதும் அதனால்தான். இங்கே நம் வீட்டுப் பெண்கள் அவனுக்குள் விளக்கைப் போட்டு மாவுப் பாத்திரத்தை வைப்பதைப் பார்த்தபிறகுமா 'பதினாலு நாள்' என்று பேசுகிறீர்கள்?

ஆகவே தீக்குச்சியையும் அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். குமிழி நின்றதை நம்புவதும் தீக்குச்சியை நம்புவதும் ஒன்றுதான். வாயு வரவில்லை என்று சொல்லும், சர்க்கரை தீர்ந்ததா என்று சொல்லாது. ஏர்லாக்கை நம்புவது அதைவிட மோசம். வாளி மூடி சரியாக உட்காராவிட்டால், உள்ளே பொங்கிக்கொண்டிருக்கும்போதே ஏர்லாக் அமைதியாக இருக்கும். ஹீட்டர் போட்டு அறை சூடானால், எல்லாம் முடிந்தபிறகும் 'பளக் பளக்' என்று குமிழி விடும்.

நம்ப வேண்டியது ஹைட்ரோமீட்டரை மட்டும்தான். இதென்ன புதுசு? பால்காரர் தண்ணீர் கலந்தாரா என்று லாக்டோமீட்டர் போட்டுப் பார்த்த பரம்பரைதானே நாம். அதே மிதவை, அதே ஆர்க்கிமிடீஸ். ஒரு பீட்சா விலைகூட இல்லை. அதை வாங்கமாட்டார்கள், ஆனால் எண்பது டாலருக்கு ஸ்டீல் பாத்திரம் வாங்குவார்கள்!

மாதிரி எடுத்ததும் நன்றாக ஆட்டி வாயுவைப் போக்குங்கள். குமிழி ஒட்டினால் மிதவை மேலே தூக்கிக்கொள்ளும். மீட்டரில் 60 ஃபாரன்ஹீட் அல்லது 20 செல்சியஸ் என்று எழுதியிருக்கும், அந்தச் சூட்டில் பாருங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடி, இன்னும் இரண்டு நாள் விட்டு மறுபடி. மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அதோடு அந்த எண் நீங்கள் எதிர்பார்த்த இடத்துக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். 1.020-ல் மூன்று தடவை நின்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை, தூங்குகிறது என்று சந்தேகப்படுங்கள். வாளியை 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, மெதுவாக ஒரு சுழற்றுச் சுழற்றி, ஒரு வாரம் விடுங்கள். இன்னும் சந்தேகமா? ஆரம்பத்திலேயே ஒரு டம்ளர் சாற்றைத் தனியாக எடுத்து, நிறைய ஈஸ்ட் போட்டு, சூடான இடத்தில் வைத்து அடிக்கடி குலுக்குங்கள். இரண்டு மூன்று நாளில் அது எங்கே போய் நிற்கிறதோ, பெரிய வாளியும் கடைசியில் ஏறக்குறைய அங்கேதான் நிற்கும். (ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிய பணக்காரர்களுக்கு: ஆல்கஹால் வந்தபிறகு அது காட்டும் எண் பொய், கணக்குப் போட்டுத் திருத்த வேண்டும்.)

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அம்மாஞ்சிக்கு ஒரு கிட் எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடவே கூடாது. இங்கே 1978-ல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால், பெரியவர்கள் இரண்டு பேர் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 200 காலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். கேரளாவில் உள்ளது கொல்லம் ஆண்டு 1077-ல் கொச்சிக்கென்று வந்து, பின்னால் மாநிலம் முழுக்க நீட்டிய அப்காரிச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் மது தயாரித்தால் பத்து வருஷம் வரை சிறை, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். வீட்டு ஒயினுக்கும் விலக்கில்லை என்று 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில் கலால் துறை எச்சரித்தது நினைவிருக்கலாம். உங்கள் பொழுதுபோக்குக்கு அம்மாஞ்சி கோர்ட்டுக்கு அலைய வேண்டாம்.

ஏற்கெனவே அளக்காமல் அடைத்து வைத்திருப்பவர்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது: குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கனமான கையுறை, முழுக்கைச் சட்டை. பாட்டில்களை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஃப்ரிட்ஜுக்குக் கொண்டுபோங்கள், ஆட்டாமல். நன்றாகக் குளிர்ந்தபிறகு ஒன்றைத் துண்டால் சுற்றி, சிங்க்கில் வைத்துத் திறந்து பாருங்கள். நுரை கூரைக்குப் போனால் மீதி எல்லாவற்றையும் அப்படியே ஒவ்வொன்றாகத் திறந்து வாயுவை விட்டு, புது மூடி போட்டு, ஃப்ரிட்ஜிலேயே வைத்துச் சீக்கிரம் குடித்து முடியுங்கள். வெளியே எடுத்து அலமாரியில் வைக்காதீர்கள்.