'நாளையிலிருந்து வரமாட்டேன்' என்று சொல்ல முடியுமா?

போன மாதம் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா முப்பதாயிரம் ரூபாய் கேட்டார். மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "கொடுத்துப் போடு கண்ணு. பாக்கி நிக்கிற வரைக்கும் அவ வேற ஊட்டுக்குப் போகமாட்டா. ரெண்டு வருசத்துக்கு உனக்கு ஆள் கவலை இல்லை" என்றார்.

பெரியம்மா கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு அந்த அக்கா வீட்டுக்கும் சேர்த்து முறுக்கு சுடுகிறவர். என் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அடிமைமுறையைச் சட்டம் ஒழித்த பிறகும் அது எப்படிப் பிழைத்துக் கிடந்தது என்பதெல்லாம் அந்த ஒரு பேச்சில் இருந்தது.

1833-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. ஆனால், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு, அதாவது நமக்கு, அந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்கு கொடுத்துவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து, 1843-ல்தான் இங்கே சட்டம் வந்தது. 'இவன் என் அடிமை' என்று யார் உரிமை கொண்டாடினாலும் கோர்ட் ஏற்காது என்றது அது. நல்ல விஷயம்தான். ஆனால், அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு சென்ட் நிலமோ, பிழைக்க வேறு வழியோ அது தரவில்லை. ஆளை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றம் என்றானது 1860-ம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தில்.

இதற்கு நடுவே 1859-ல் சத்தமில்லாமல் இன்னொரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால், பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையைச் செய் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். கேட்காவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. ஆளை விலைக்கு வாங்குவது தப்பு, அட்வான்ஸ் கொடுத்துக் கட்டிப்போடுவது சரி என்றாயிற்று. அந்தச் சட்டத்தை நீக்குவதற்கு 1925 ஆகிவிட்டது.

நம் வால்பாறை மலைக்குக் கங்காணிகள் ஆள் பிடித்ததும் அட்வான்ஸ் கொடுத்துத்தான். அங்கே டாக்டராக இருந்த பி.எச். டேனியல் அதை ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். தமிழில் அது 'எரியும் பனிக்காடு'. அதைத் தழுவி 2013-ல் பாலா எடுத்த படம்தான் 'பரதேசி'. தியேட்டரில் அழுதோம். வெள்ளைக்காரன் காலத்துக் கொடுமை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பினோம்.

கீழே, நம் தோட்டங்களில் இருந்தது மட்டும் என்ன? பண்ணையாட்கள் பெரும்பாலும் அருந்ததியர். வருஷத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி வேலைக்கு வருவார்கள். கல்யாணத்துக்கோ, சாவுக்கோ வாங்கிய கடன் அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்துவிடும். 'நம்ம பண்ணையத்து ஆளு' என்று எங்கள் பாட்டி பாசமாகத்தான் சொல்வார். அந்த 'நம்ம'வுக்குள் என்ன இருந்தது என்று யோசிக்க எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது.

இந்த முடிச்சைச் சரியாக அடையாளம் கண்டது 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். கடனுக்காக ஒருவரை வேலையில் பிடித்து வைத்திருந்தால் அவருக்கு விடுதலை. அதோடு அந்தக் கடனும் ரத்து. 'இது கொத்தடிமைக் கடன் இல்லை' என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவரின் பொறுப்பு. குற்றத்துக்கு மூன்று வருஷம் வரை சிறை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

அப்படியானால் எல்லாம் முடிந்துவிட்டதா?

குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்களிடம் 'பாக்கி' என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரியும். வேலைக்குச் சேரும்போது வாங்கும் முன்பணம்தான் பாக்கி. வேறு தறிக்குப் போக வேண்டுமானால் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளை 'எடுக்க' வேண்டும். ஆள் பஞ்சம் வரும்போது தொழிலாளியே கூடுதலாகக் கேட்டு வாங்குவதும் உண்டு. அதனால் இதில் ஒரு தரப்பு மட்டும் வில்லன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உடம்புக்கு முடியாமல் போகும்போதுதான் அந்தப் பணத்தின் கனம் தெரியும்.

நூல் மில்களில் கயிறு அப்படியே தலைகீழ். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கம் 'சுமங்கலித் திட்டம்' என்று பேர் எடுத்த ஏற்பாடு அது. ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகள் மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்க வேண்டும். முடிவில் கல்யாணச் செலவுக்கு முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும். தறியில் முதலாளியின் பணம் தொழிலாளியிடம் நிற்கிறது. இங்கே தொழிலாளியின் பணம் முதலாளியிடம் நின்றது.

அப்படி ஒரு மில்லில் இருந்துவிட்டு வந்த பெண் எங்கள் தெருவில் துணி தைக்கிறார். இரண்டரை வருஷம் முடித்த நிலையில் மஞ்சள் காமாலை வந்து ஊருக்குப் போனார். மொத்தத் தொகை கிடைக்கவில்லை. "கேட்டைப் பூட்டி வெச்சிருந்தாக்கூட ஏறிக் குதிச்சிருப்பனுங்க. பணம் அங்க இருந்துதுங்க, அதான் போக முடியல" என்றார். எல்லா மில்லும் அப்படி இல்லை. பலர் அந்தத் திட்டத்தையே விட்டுவிட்டார்கள். இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். ஊர்தான் மாறியிருக்கிறது, அவர்களிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். 'நாளையிலிருந்து வரமாட்டேன்' என்று உன்னால் சொல்ல முடியுமா?

முடியாது என்று பதில் வந்தால், போக வேண்டிய இடம் கலெக்டர் அலுவலகம் அல்லது கோட்டாட்சியர் அலுவலகம். விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுப்பது அவர்கள் வேலை. 2016-ம் வருஷத்து மத்திய அரசுத் திட்டத்தில் ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடுமையான நிலையில் மீட்கப்பட்டவர்களுக்கு மூன்று லட்சம் வரை மறுவாழ்வு உதவி உண்டு. மாட்டிக்கொண்டது குழந்தை என்றால் 1098-க்கு போன் செய்தாலே போதும்.

சரி, அக்காவுக்குப் பணம் கொடுத்தேனா என்று கேட்பீர்கள். கொடுத்தேன். கடன் கொடுப்பது குற்றமில்லை, கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பதுதான் குற்றம். "அக்கா, நாளைக்கே வேற நல்ல வேலை கிடைச்சாலும் நீங்க போகலாம். பணத்தை முடிஞ்சப்போ கொடுங்க. சம்பளத்துல பிடிக்க மாட்டேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "ஏனுங்கம்மா, என்னைய நிறுத்தப் போறீங்களா?" என்று கேட்டார்.

போகலாம் என்று சொன்னால், போகச் சொல்கிறார்கள் என்றுதான் அவருக்குக் கேட்கிறது. இல்லை அக்கா, இல்லை என்று புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.