மருந்து தவறாத தாய் பாலூட்டலாம்

எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய் பாலூட்டலாமா என்று தக்கலைப் பகுதிக் குடும்பத்தினர் எம்மிடம் தயங்கியே வினவுகின்றனர். ஊட்டலாம் என்பதே எம் கருத்து, ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒருநாளும் தவறாது உட்கொள்ள வேண்டும் என்பதே நிபந்தனை.

சிகிச்சை ஏதுமின்றிக் கருவிலும் பிரசவத்திலும் பாலூட்டலிலும் நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று பரவலாம். முறையான சிகிச்சையால் அது 5-க்கும் கீழே குறைகிறது.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். சேனை, சர்க்கரைத் தண்ணீர், மாவுப்பால் ஆகியவற்றை இடையிடையே புகட்டலாகாது. அவை பச்சிளங்குடலைப் புண்படுத்தக்கூடும். குழந்தைக்கான தடுப்பு மருந்தையும் 6-ஆம் வாரப் பரிசோதனையையும் தவறவிடலாகாது.

ஆசாரிபள்ளம் ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து இலவசமே. ஆயினும், ஒளித்து உண்ண நேரும் வீட்டில் வேளை தவறுகிறது. உண்மை அறிந்த கணவரும் மாமியாரும் பழிக்காமல் மருந்தை நினைவூட்டுவாராயின், அதுவே குழந்தைக்கு முதற்காப்பு.