வெறுங்கைக் காலம் முடிந்தது

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் குப்பை அள்ளுகிறவர்கள், சாக்கடை அடைப்பு எடுக்கிறவர்கள், குடிநீரில் குளோரின் கலக்கிறவர்கள், தெருவிளக்கு மாற்றுகிறவர்கள் ஆகிய நாங்கள் இன்று ஓர் இயக்கமாகிறோம். இரக்கத்தை நாங்கள் கேட்கவில்லை, அறிவைக் கேட்கிறோம். ஆபத்தை அறிந்து கையாளும் கல்வி எங்கள் உழைப்பின் முதல் உரிமை.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் தறிகள் நெய்யும் பேண்டேஜ் துணி ஊருலகத்தின் காயங்களைக் கட்டுகிறது. அதே துணி ரத்தம் தோய்ந்து, உள்ளே ஓர் ஊசியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக் குப்பையில் வந்து விழும்போது, அதை எடுப்பது பெரும்பாலும் ஒரு பெண்ணின் வெறுங்கை. காயத்தைக் காப்பது இந்த மண்ணின் தொழில். காயம்படுவது எங்கள் தலையெழுத்து என்றிருந்த பழைய ஏற்பாடு தோற்றுப்போனது. மருத்துவக் கழிவுக்கு 2016 முதல் தனி விதிகள் உண்டு. ஊசிக்குத் துளைபடாத வெள்ளைக் கலம், ரத்தத் துணிக்கு மஞ்சள் பை. அந்த நிறங்களின் பொருள் எங்கள் தெருக்களுக்கு வந்தாக வேண்டும்.

செப்டிக் டேங்கின் விஷவாயு முதலில் அழுகிய முட்டையாய் நாறும். செறிவு கூடியதும் மோப்பத்தையே கொன்றுவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்கியவர் ஏறி வருவதில்லை. அவரைத் தூக்க இறங்கியவரும் வருவதில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பற்ற இறக்கத்தைத் தடை செய்தது. உச்ச நீதிமன்றம் 2014இல் சாவுக்குப் 10 லட்சம் என்றது. 2023இல் 30 லட்சம் என்றது. அந்த நீதியை வணங்குகிறோம். ஆனால் இழப்பீட்டுத் தொகை உயர்வதை எங்கள் முன்னேற்றமாக எண்ண மாட்டோம்.

பயிற்சி என்ற பெயரால் மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதை மறுக்கிறோம். உள்ளே இயந்திரம் இறங்கும், அதைக் கற்றவர் மேலே நின்று இயக்குவார். கையெழுத்து வாங்கிப் படமெடுத்துக் கலையும் ஒருநாள் கூட்டத்தை மறுக்கிறோம். நிரந்தரம், ஒப்பந்தம் என்று உயிருக்குத் தரம் பிரிப்பதை மறுக்கிறோம். இன்ன சாதிக்கு இன்ன வேலை என்னும் இழிவை, எல்லாவற்றுக்கும் மேலாக, மறுக்கிறோம்.

கற்றல் வேலை நேரத்தில், கூலியோடு நடக்கும். கற்பிப்போர் வரிசையில் எங்கள் மூத்தோர் இருப்பார்கள். எந்த மூடியை எப்போது திறக்கலாகாது என்பது அவர்களுக்குத் தெரியும். உடைந்த டியூப்லைட்டின் பாதரசம், கழிவோடு வரும் மஞ்சள் காமாலை, அதற்கான தடுப்பூசி ஆகிய அனைத்தும் பாடமாகும். ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்தபின் ரத வீதிகளைக் கூட்டும் கைகள் இனி அறிந்த கைகளாக இருக்கும்.

முதல் வகுப்பு, காலையில் மஸ்டர் எடுக்கும் இடத்திலேயே தொடங்குகிறது. பலகையில் எழுதியிருப்பது இது: குளோரின் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பள்ளத்தில் பதுங்காதே. காற்றின் போக்கில் ஓடாதே. குறுக்காக விலகி, மேட்டில் ஏறு.