தியான நாளில் பிற சமயப் பிள்ளை

கத்தோலிக்க மரபில் தோன்றிய பாடசாலைகளில், பெரும்பாலும் தவக்காலத்தை ஒட்டி, மாணவர்களுக்கெனத் தியான நாள் ஒன்று ஒதுக்கப்படுவது நீண்டகால வழக்கமாகும். அன்று வழமையான பாடங்கள் நடைபெறுவதில்லை. குருவானவரோ அருட்சகோதரியோ உரையாற்றுவார். மாணவர்கள் சிறிது நேரம் மௌனமாக அமர்ந்து தம்மைத் தாமே ஆராய்வர். குழுக்களாகக் கூடிப் பேசுவர். பாவசங்கீர்த்தனமும் திருப்பலியும் இடம்பெறும். பரீட்சைப் புள்ளிகளே கல்வியின் அளவுகோலாகிவிட்ட காலத்தில் இத்தகைய நாள் தேவைதானா என்று கேட்போரும் உளர். தேவை என்பதே எமது கருத்தாகும். எனினும், அதே பாடசாலையில் பயிலும் சைவப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் அந்நாள் எதனைத் தருகின்றது என்ற கேள்விக்கு விடை காணாமல் அக்கருத்தை முழுமையாக முன்வைக்க முடியாது.

இக்கேள்வி யாழ்ப்பாணத் தீவகத்தில் கூர்மை பெறுகின்றது. ஊர்காவற்றுறையில் புனித அந்தோனியார் கல்லூரி நீண்டகாலமாகக் கல்விப் பணியாற்றி வருகின்றது. நயினாதீவில் நாகபூசணி அம்மன் ஆலயமும் நாகவிகாரையும் பள்ளிவாசலும் ஒரே சிறு நிலத்தில் அமைந்துள்ளன. நெடுந்தீவில் சைவரும் கத்தோலிக்கரும் அயலவர்களாக வாழ்கின்றனர். கொழும்பில் ஒரு பெற்றோருக்குப் பாடசாலை பிடிக்காவிடின் வேறொன்றைத் தேடலாம். குறிகாட்டுவானிலிருந்து படகேறியே சென்றடையக்கூடிய தீவில் அந்தத் தெரிவு இல்லை. எட்டும் தூரத்தில் உள்ள பாடசாலையே பிள்ளையின் பாடசாலை. அதன் மரபு எதுவாயினும் பிள்ளை அதற்குள்ளேயே வளர வேண்டியுள்ளது.

சட்டத்தின் நிலை என்ன? 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கீழ்க் கொண்டுவந்தன. கத்தோலிக்கர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். இன்றும் வடக்கின் பல அரசாங்கப் பாடசாலைகள் 'றோ.க.' என்னும் எழுத்துகளைத் தம் பெயரிற் சுமந்து நிற்பது அவ்வரலாற்றின் எச்சமாகும். பெயர் கத்தோலிக்கம், நிர்வாகம் அரசு, மாணவர்களோ பல சமயத்தவர். நாட்டின் பாடத்திட்டத்தில் சமயம் கட்டாய பாடமாகும். பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நூல்களை அரசு இலவசமாக வழங்குகின்றது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் உறுதிப்படுத்துகின்றது.

ஆனால் நூல் கையில் இருந்தால் மட்டும் போதுமா? அதனைக் கற்பிக்கும் ஆசிரியரும் வேண்டும். ஒரு சமயத்தைச் சார்ந்த பிள்ளைகள் இருவரோ மூவரோ மாத்திரம் பயிலும் சிறிய பாடசாலைக்கு அச்சமயப் பாட ஆசிரியரை நியமிப்பது எளிதன்று. அந்நிலையில் பிள்ளை பிற சமய வகுப்பிலேயே அமர்கின்றது. அல்லது நூலகத்தில் தனித்திருக்கின்றது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் தன் சமயப் பாடத்தைத் தானே படித்து எழுதும் நிலைக்கும் தள்ளப்படுகின்றது. தியான நாளில் இந்தத் தனிமை மேலும் வெளிப்படையாகின்றது. எல்லோரும் தேவாலயத்துக்குச் செல்லும்போது அப்பிள்ளை செல்வதா, வெளியே நிற்பதா, வீட்டிலேயே தங்கிவிடுவதா? யாரும் வற்புறுத்தாவிடினும், தான் மட்டும் வேறு என்ற உணர்வே பதின்ம வயதுப் பிள்ளைக்குப் பெரும் வற்புறுத்தலாகும்.

இது கத்தோலிக்க திருச்சபைக்கு அந்நியமான சிந்தனையன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையையும், பிற சமயங்களை மதிப்புடன் நோக்கும் அறிக்கையையும் 1965 ஒக்டோபர் 28 என்ற ஒரே நாளில் வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 7ஆந் திகதி வெளியான சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கை, பெற்றோரின் சமய நம்பிக்கைக்கு ஒவ்வாத பாடங்களுக்குப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்துவது பெற்றோரின் உரிமையை மீறுவதாகும் என்று கூறுகின்றது. ஆகவே பிற சமயப் பிள்ளையின் மனச்சாட்சியைக் காப்பது கத்தோலிக்கப் பாடசாலை பிறருக்குக் காட்டும் சலுகையன்று. தன் சொந்தப் போதனையைக் கடைப்பிடிப்பதேயாகும்.

எமது மண்ணிலேயே இதற்கு முன்மாதிரிகள் உண்டு. ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள், புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றவர். கத்தோலிக்கக் குருவாக இருந்தே தமிழர் அனைவருக்கும் பொதுவான தமிழாராய்ச்சியை உலக அரங்கிற்கு எடுத்துச் சென்றார். அவருக்கு இரண்டாண்டுகள் முன்னர் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்று, பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக முஸ்லிம் கல்விக்கு அரும்பணியாற்றினார். சைவச் சூழலில் பெற்ற கல்வி அவரது இஸ்லாமியப் பற்றைக் குறைத்துவிடவில்லை. பிற சமயத்தவரின் பாடசாலை ஒரு பிள்ளையை அழிக்காமல் வளர்க்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த நம்பிக்கை பின்னர் சிதைந்ததை மறைப்பதற்கில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்த பின்னர் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பறையில் மிகச் சிறுபான்மையினராயினர். 2018இல் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா பற்றி எழுந்த சர்ச்சை இரு சமூகங்களையும் புண்படுத்தியது. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுவர்களும் குண்டுக்கு இரையாயினர். அதன் பின்னர் குற்றமற்ற முஸ்லிம்கள் அனைவருமே ஐயத்துடன் நோக்கப்பட்டனர். இத்தனைக்கும் பின்னர் பிள்ளைகளை ஒன்றாக அமர்ந்து சிந்திக்க வைக்கும் ஒரு நாளைக் கைவிடுவது அறிவுடைமையாகாது.

எனவே சில நடைமுறைகளை வலியுறுத்த விரும்புகின்றோம். முதலாவதாக, தியான நாளில் சிந்தனையையும் வழிபாட்டையும் வேறுபடுத்த வேண்டும். உண்மை, மன்னிப்பு, போதைப்பொருளின் தீமை, இழப்பின் துயர் ஆகியவை எல்லாச் சமயப் பிள்ளைகளுக்கும் பொதுவானவை, திருப்பலியோ கத்தோலிக்கருக்குரியது. இரண்டாவதாக, வழிபாட்டு வேளையில் ஏனைய பிள்ளைகளைத் தம் சமய ஆசிரியரோ பெரியவரோ வழிநடத்த வேண்டும். அதற்குப் பெற்றோரின் சம்மதத்தை முன்கூட்டியே பெற வேண்டும். அந்நாள் வெள்ளிக்கிழமையாயின் ஜும்ஆத் தொழுகைக்கு இடமளிக்க வேண்டும். மூன்றாவதாக, பல சிறு பாடசாலைகளுக்குச் சென்று கற்பிக்கும் சமயப் பாட ஆசிரியர்களைக் கல்வித் திணைக்களம் தீவகத்துக்கு நியமித்து, படகுப் பயண வசதியையும் செய்து கொடுக்க வேண்டும். நான்காவதாக, சைவப் பாடசாலைகளும் முஸ்லிம் பாடசாலைகளும் தம்மிடம் பயிலும் கத்தோலிக்கப் பிள்ளைக்கு இதே நீதியை வழங்க வேண்டும். தான் கொடுக்காததைப் பிறரிடம் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை.

அல்லைப்பிட்டியில் மக்களுக்குத் தேவாலயத்தில் அடைக்கலமளித்த பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் 2006 ஆகஸ்ட் 20 அன்று தம் உதவியாளருடன் காணாமற்போனார். துயரம் தீவகத்தின் எந்தச் சமயத்தவரையும் விட்டுவைக்கவில்லை. அத்துயரத்தை அறிந்து வளரும் பிள்ளைகளுக்கு ஒருநாளேனும் அமைதியாக அமர்ந்து சிந்திக்க இடம் வேண்டும். அந்த இடத்தில் தன் சமயத்தை வாசலில் கழற்றி வைக்காமலேயே ஒவ்வொரு பிள்ளையும் நுழைய முடிந்தால், அதுவே தியான நாளின் வெற்றியாகும்.