பொருந்திவிட்டால் போதுமா?



சினிமாவில் ரிவால்வருக்கு சைலன்சர் மாட்டும் அபத்தத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதற்கு அமெரிக்காவில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் பதில் போட்டிருந்தார். சைலன்சர் வேலை செய்யக்கூடிய அபூர்வமான நாகான் ரிவால்வர் தன்னிடம் இருக்கிறதாம். அதற்கான தோட்டா எளிதில் கிடைக்காததால் வீட்டிலேயே செய்துகொள்கிறாராம். அங்கே சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு அது. அதில் எனக்குச் சண்டை இல்லை. "வேறு தோட்டாக் கூட்டைத் தேய்த்துப் போட்டேன், கச்சிதமாகப் பொருந்திவிட்டது. மருந்து அளவை யாரோ போட்ட பட்டியலில் பார்த்துக்கொண்டேன்" என்றாரே, அதோடுதான் சண்டை. அதற்கு நம் ஆட்கள் "செம்ம சார்" என்று கைதட்டியது அதைவிட மோசம்.

1895-ல் ரஷ்யப் படை ஏற்ற அந்த ரிவால்வரில் ஏழு தோட்டா. மற்ற ரிவால்வர்களில் சுழல் உருளைக்கும் குழலுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். வாயுவும் சத்தமும் அதன் வழியே வெளியேறும். நாகானில் சுத்தியலை இழுத்தால் உருளையே முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டும். அதன் தோட்டாவில் குண்டு முழுவதும் கூட்டுக்குள் புதைந்திருக்கும். நீண்ட கூட்டின் வாய் குழலுக்குள் நுழைந்து, வெடிக்கும்போது விரிந்து இடைவெளியை அடைத்துவிடும். அந்தக் கூட்டின் நீளம் சுமார் 39 மி.மீ.

பலரும் அதற்குப் பதிலாக எடுப்பது 32-20 வின்செஸ்டர் கூடு. அதன் நீளம் சுமார் 33 மி.மீ. அடிப்பக்கமும் விளிம்பும் பெரியவை என்பதால் அவற்றைக் குறைக்க வேண்டும். உருளைக்குள் அது போகும், வெடிக்கவும் செய்யும். ஆனால் வாய் குழலை எட்டாது. எந்த அதிசயத்துக்காக அந்த ரிவால்வரை வாங்கினாரோ, அதுவே போயிற்று!

சரி, அது ரசனை விஷயம். உயிர் விஷயத்துக்கு வருகிறேன். கூடு மாறினால் உள்ளே இருக்கும் இடமும் மாறும். இடம் குறைந்தால் அதே அளவு மருந்துக்கு அழுத்தம் ஏறும், அதுவும் நேர்விகிதத்தில் ஏறாது. ஒரு கூட்டுக்குச் சோதித்த அளவு இன்னொரு கூட்டுக்குப் பொருந்தும் என்று யார் சொன்னது? மருந்து குறைந்தாலும் ஆபத்துதான். குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். பித்தளையை அழுத்தி உருமாற்றினால் அது இறுகி நொறுங்கும் தன்மை பெறும் என்று பத்தாம் வகுப்பிலேயே சொன்னேனே. வாய்ப்பகுதியைச் சூடாக்கி இளக்குவார்கள். அடிப்பகுதியை இளக்கிவிட்டால் வாயு பின்பக்கம், சுடுபவரின் முகத்துக்கே வரும்.

"நூறு சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். பிரேக் தேய்ந்த பஸ்ஸும் நேற்றுவரை ஓடியதுதான். "ஒரிஜினல் விலை அதிகம்" என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். கண்ணுக்கு ஆகும் விலையையும் கூட்டிப் பாருங்கள்.

மருந்துக் கம்பெனிகளே ஆய்வுக்கூடத்தில் அழுத்தம் அளந்து கைப்புத்தகம் போடுகின்றன. எந்தக் கூடு, எந்தக் குண்டு, எந்த மருந்து என்று அதில் பெயரோடு இருக்கும். குறைந்த அளவிலிருந்து தொடங்கு என்றும் இருக்கும். அதை வாங்க மனமில்லாதவர் முகம் தெரியாதவன் எழுதிய எண்ணை நம்புகிறார். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய அதே புத்தி! அங்கே போனது மதிப்பெண். இங்கே விரல் போகும்.

ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு: நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். இதைப் படித்துவிட்டு யாரும் பட்டறைப் பக்கம் போக வேண்டாம்.

அந்தத் தம்பிக்கு ஒன்றே ஒன்று. அடுத்த தோட்டாவை நிரப்பும் முன், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று எனக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை அந்த ரிவால்வர் பெட்டியிலேயே இருக்கட்டும்.

உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்