கைதட்டல் கிடைக்கும், கார் கிடைக்காது: மலிவு விலை ஸ்போர்ட்ஸ் கூபேக்கள் ஏன் ஷோரூமுக்கு வருவதில்லை?

டொயோட்டா எஸ்-எஃப்ஆர் காரை ஓட்டிப் பார்க்க ஆசையா? பிளேஸ்டேஷனில் ‘கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்’ கேமைப் போட்டால் ஓட்டலாம். ஆனால், எந்த ஷோரூமிலும் வாங்க முடியாது.

2015 டோக்கியோ மோட்டார் ஷோவில் மஞ்சள் நிறத்தில் வந்து நின்ற குட்டி கூபே அது. நீளம் 3,990 மி.மீ. மட்டுமே. இன்ஜின் முன்னால், இயக்கம் பின்சக்கரத்தில். டொயோட்டாவின் 86 காரைவிடச் சிறியது என்பதால், விலையும் குறைவாகத்தான் இருக்கும் என்று கார் ரசிகர்கள் கணக்குப் போட்டார்கள். 2016 ஜனவரியில் அதன் ரேஸிங் வடிவமும் வந்தது. அதன் பிறகு சத்தமே இல்லை.

இப்போது அதே எதிர்பார்ப்பு டைஹட்சு பக்கம் திரும்பியிருக்கிறது. டொயோட்டாவின் துணை நிறுவனமான டைஹட்சு, 2023 ஜப்பான் மொபிலிட்டி ஷோவில் ‘விஷன் கோபென்’ என்ற கான்செப்டைக் காட்டியது. 1.3 லிட்டர் இன்ஜின், கூரை மடங்கும் இரண்டு சீட்டர், பின்சக்கர இயக்கம். 2025 ஷோவில் ‘கே-ஓபன்’ என்ற இன்னொரு குட்டிப் பின்சக்கர கான்செப்டையும் கொண்டுவந்தது. ‘இந்த முறையாவது வருமா?’ என்பதுதான் ரசிகர்களின் கேள்வி.

அதற்குப் பதில் தேட, முன்பு வந்த கார்களையும் வராமல் போன கார்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பின்சக்கர இயக்கத்தில் அப்படி என்ன ஸ்பெஷல்?

அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் பின்சக்கரத்தால் ஓடியவை. மாருதி 800 முன்சக்கரத்தால் ஓடியது. இன்று சாலையில் பார்க்கும் சிறிய கார்களில் பெரும்பாலானவை மாருதி 800 ரகம்தான்.

முன்சக்கர இயக்கத்தில் காரைத் திருப்புவதும் இழுப்பதும் முன்சக்கரங்களின் வேலை. ஒரே ஆளுக்கு இரண்டு டியூட்டி. பின்சக்கர இயக்கத்தில் முன்சக்கரம் திருப்பும், பின்சக்கரம் தள்ளும். அதனால் வளைவுகளில் ஸ்டீயரிங் தெளிவாகப் பேசும். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தே காரின் போக்கை மாற்றலாம். அதிக பவர் இல்லாத காரில்கூட இந்த சுகம் கிடைக்கும்.

‘அப்போ எல்லாரும் அதையே செய்யலாமே?’ என்றால், இடிக்கும் இடம் செலவு. முன்சக்கர காரில் இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே பொட்டலமாக பானெட்டுக்குள் அடங்கிவிடும். பின்சக்கர காரில் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு நீண்ட ஷாஃப்ட் வேண்டும், பின் அச்சில் டிஃபரென்ஷியல் வேண்டும். நடுவில் தரை மேடாகும், பின்சீட்டில் கால் வைக்கும் இடம் சுருங்கும். குடும்பத்துக்குக் கார் வாங்குபவருக்கு இதெல்லாம் தேவையில்லாத செலவு.

ஆசை எங்கிருந்து வந்தது?

1983இல் வந்த டொயோட்டா ஏஇ86தான் இந்தக் கனவின் மூலவர். 1.6 லிட்டர் இன்ஜின் கொண்ட சாதாரண கரோலா குடும்பத்து கூபே. 1995இல் தொடங்கிய ‘இனிஷியல் டி’ மங்கா காமிக்ஸில், டோஃபு டெலிவரி செய்யும் பையன் மலைப்பாதையில் விலை உயர்ந்த கார்களை எல்லாம் முந்துவது இந்த வண்டியில்தான். காசு இல்லாதவனும் திறமையால் ஜெயிக்கலாம் என்ற அந்தக் கதை, காரை ஒரு சின்னமாகவே மாற்றிவிட்டது.

ஆனால், ஏஇ86 ஏன் மலிவாக இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தத் தலைமுறையில் கரோலா செடான் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிவிட்டது. கூபே மட்டும் முந்தைய கரோலாவின் பின்சக்கர பிளாட்ஃபார்மிலேயே தொடர்ந்தது. அதாவது, அடித்தளத்துக்கான பெரிய செலவை லட்சக்கணக்கான குடும்ப கார்கள் ஏற்கெனவே கட்டி முடித்திருந்தன. கூபே அதன் மீது சவாரி செய்தது, அவ்வளவுதான்.

கணக்கு எங்கே உதைக்கிறது?

ஒரு புதிய பிளாட்ஃபார்மை உருவாக்க ரூ.1,000 கோடி ஆகிறது என்று சும்மா ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதில் 10 லட்சம் கார்கள் விற்றால், ஒரு காரின் தலையில் விழுவது ரூ.10,000. ஒரு லட்சம் கார்கள்தான் விற்றால் ரூ.1 லட்சம். விபத்துச் சோதனைக்கும் புகைச் சோதனைக்கும் ஆகும் செலவும் இப்படித்தான். கார் குறைவாக விற்கிறது என்பதற்காக அதில் யாரும் தள்ளுபடி தருவதில்லை.

ஒரு கோடி ரூபாய் ஸ்போர்ட்ஸ் காரில் அந்த ஒரு லட்சம் கரைந்துவிடும். ‘மலிவு’ என்ற பெயரிலேயே விற்க வேண்டிய காரில் அதை எங்கே ஒளிப்பது? மலிவு விலை, பின்சக்கர இயக்கம், குறைந்த விற்பனை... இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டுவதுதான் சிக்கல்.

வராமல் போனவை

2012 ஜனவரியில் டெட்ராய்ட்டில் செவர்லே ‘கோட் 130ஆர்’ கான்செப்டைக் காட்டியது. இளைஞர்களைக் குறிவைத்த பின்சக்கர கூபே. தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் கையில் அப்போது இருந்த புதிய பின்சக்கர பிளாட்ஃபார்ம், காடிலாக் சொகுசு காருக்காக உருவாக்கப்பட்டது. 130ஆர் வரவில்லை.

2013 டோக்கியோ ஷோவில் நிஸானின் ‘ஐடிஎக்ஸ்’. 1990க்குப் பிறகு பிறந்த இளைஞர்களிடம் கருத்துக் கேட்டு வடிவமைத்ததாக நிறுவனமே சொன்னது. பழைய டட்சன் 510ஐ நினைவூட்டும் பெட்டி போன்ற தோற்றம், செம வரவேற்பு. ஆனால், நிஸானிடம் இருந்த பின்சக்கர பிளாட்ஃபார்ம் 370இசட் போன்ற விலை கூடிய கார்களுக்கானது. ஐடிஎக்ஸும் வரவில்லை.

எஸ்-எஃப்ஆர் கதையும் இதேதான். டொயோட்டாவின் சிறிய கார்கள் முன்சக்கர குடும்பம். அதனோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்ள அங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை.

வந்தது எப்படி வந்தது?

2009 டோக்கியோ ஷோவில் டொயோட்டா ‘எஃப்டி-86’ கான்செப்டைக் காட்டியபோதும் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. ஆனால், 2012இல் அது விற்பனைக்கே வந்துவிட்டது. ஜப்பானில் ஆரம்ப விலை 19.9 லட்சம் யென். அமெரிக்காவில் ‘சயான் எஃப்ஆர்-எஸ்’ என்ற பெயரில் 25,000 டாலருக்குள். 2 லிட்டர் இன்ஜின், 200 குதிரைத்திறன்.

காரணம், கைதட்டலுக்கு முன்பே வேலை முடிந்திருந்தது. டொயோட்டா 2005இல் சுபாருவின் பங்குகளை வாங்கியது. 2008இல் பங்கை உயர்த்தியபோதே, இருவரும் சேர்ந்து ஸ்போர்ட்ஸ் கார் உருவாக்கப்போவதாக அறிவித்துவிட்டார்கள். பாக்ஸர் வகை இன்ஜின் சுபாருவுடையது, அதன் எரிபொருள் செலுத்தும் நுட்பம் டொயோட்டாவுடையது. தயாரிப்பு சுபாருவின் குன்மா ஆலையில். அதே கார் ‘சுபாரு பிஆர்இசட்’ என்ற பெயரிலும் விற்றது. இரண்டு கம்பெனிகள் பில்லைப் பங்கு போட்டுக்கொண்டதால்தான் விலை கட்டுப்படியானது.

மாஸ்டா எம்எக்ஸ்-5 இன்னொரு பாடம். 1989 முதல் விற்கும் இந்த பின்சக்கர இரண்டு சீட்டர், 2016இல் 10 லட்சம் கார்களைத் தாண்டியது. ஆண்டுக்கு ஆண்டு விற்பனை சின்னதுதான், ஆனால் உலகம் முழுவதும், பல ஆண்டுகளாக விற்றது. நான்காம் தலைமுறை அடித்தளத்தை ஃபியட்டுடனும் பகிர்ந்துகொண்டது.

டைஹட்சு கார் எந்தப் பக்கம்?

ஒரு விஷயத்தில் டைஹட்சுவின் நிலைமை பரவாயில்லை. அது பின்சக்கர இயக்கத்தை விட்டுவிட்ட நிறுவனம் அல்ல. ஜப்பானில் அதன் ‘ஹைஜெட்’ குட்டிச் சரக்கு வண்டியும், இந்தோனேசியாவில் ‘டெரியோஸ்’ எஸ்யுவியும் பின்சக்கரத்தால் ஓடுபவை. சரக்கு வண்டியின் அடித்தளத்தை அப்படியே ஸ்போர்ட்ஸ் காரில் போட முடியாதுதான். ஆனால், கியர்பாக்ஸ், பின் அச்சு போன்ற பாகங்களில் கை வைக்க இடம் இருக்கிறது. எஸ்-எஃப்ஆருக்கு இருந்ததைவிட இது நல்ல தொடக்கம்.

மறுபக்கம், 2023 டிசம்பரில் வெளிவந்த பாதுகாப்புச் சோதனை முறைகேட்டால் டைஹட்சு எல்லா கார்களின் விநியோகத்தையும் சிறிது காலம் நிறுத்தவேண்டி வந்தது. அடிபட்டு எழும் நிறுவனம் முதலில் வயிற்றுப்பாட்டு கார்களைத்தான் கவனிக்கும்.

அடுத்த கான்செப்ட் வீடியோ வரும்போது எதைப் பார்க்க வேண்டும்?

* அடித்தளம் யாருடையது? ஏற்கெனவே விற்கும் காருடையது என்றால் நம்பிக்கை வைக்கலாம். ‘பிறகு அறிவிக்கப்படும்’ என்றால் பொறுத்திருங்கள்.
* பங்காளி உண்டா? இரண்டு நிறுவனங்களின் பெயர் இருந்தால் வாய்ப்பு கூடும்.
* எந்தெந்த நாடுகளுக்கு? ஒரே ஒரு நாட்டுச் சந்தையை நம்பிய ஸ்போர்ட்ஸ் கார் நிலைப்பது கஷ்டம்.
* சாலையில் ஓடுகிறதா? ஸ்டிக்கர் ஒட்டி மறைத்த சோதனை வண்டி சாலைக்கு வந்துவிட்டால், கம்பெனி உண்மையிலேயே காசு இறக்கிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு கசப்பான உண்மையும் இருக்கிறது. கூபேவுக்குக் கைதட்டுகிறவர்களில் பலர், வாங்கும் நாள் வரும்போது பின்சீட்டும் டிக்கியும் பார்த்து எஸ்யுவிக்கு மாறிவிடுகிறார்கள். அல்லது ‘செகண்ட் ஹேண்டில் வந்ததும் வாங்கலாம்’ என்று காத்திருக்கிறார்கள். புதிய காரின் கணக்குப் புத்தகத்தில் இந்த இரண்டு பேருமே பதிவாவதில்லை. அடுத்த கூபேவுக்குப் பணம் ஒதுக்கலாமா என்று கம்பெனி முடிவெடுப்பது அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான்.